ப்ளஸ் டூ முடித்த தங்கை: ஏற்காட்டிலிருந்து பி.இ. கலந்தாய்வுக்கு எதை முதலில் செய்வது?

கேள்வி: நாகலூர்_அண்ணன்

தங்கை அரசுப் பள்ளியில் கணிதம்-உயிரியல் பிரிவில் ப்ளஸ் டூ தேறியிருக்கிறாள். கணிதம் 72, இயற்பியல் 68, வேதியியல் 74. நாங்கள் மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடிச் சமூகம், எஸ்.டி. அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்ட வேலை. நான் பி.ஏ. முடித்தவன். என்னிடம் எஸ்.டி. சான்று இருக்கிறது, அவளுக்கு இன்னும் வாங்கவில்லை. முதல் பட்டதாரிச் சான்றும் வாங்க வேண்டுமா? மலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இறங்கி ஏற முடியாது. எதை எந்த வரிசையில் செய்தால் நல்லது?

பதில் 1: அஸ்தம்பட்டி_இசேவை

தம்பி, முதல் வேலை சாதிச் சான்று. நாளைக்கே விண்ணப்பம் போடுங்க. பி.சி., எம்.பி.சி. சான்றெல்லாம் தாலுகா அளவிலேயே முடிஞ்சிடும். எஸ்.டி. சான்றுல கையெழுத்துப் போடறது வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார்னு ஒவ்வொரு மேசையா ஏறித்தான் ஆர்.டி.ஓ. கிட்ட போகும், விசாரணையும் இருக்கும். ரிசல்ட் வந்தப்புறம் ஆரம்பிக்கறவங்க மாட்டிக்கறது இங்கதான். கூடப்பிறந்த உங்க சான்று இருக்கறது பெரிய பலம். அதையும் அப்பாவோட சான்று இருந்தா அதையும் கட்டாயம் இணைங்க. செல்போன்ல சாய்வா எடுத்த மங்கலான படத்தை ஏத்தாதீங்க. எழுத்து தெரியலைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, மறுபடி முதல்ல இருந்து வரிசை.

முதல் பட்டதாரிச் சான்று உங்களுக்குக் கிடைக்காது. வீட்ல யாருமே பட்டம் வாங்கலைன்னாதான் அது. நீங்க பி.ஏ. முடிச்சாச்சே. அதுக்காக அலையாதீங்க. கீழே யாராவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பத்திச் சொல்வாங்க, உங்களுக்கு வேண்டியது அதுதான்.

வருமானச் சான்று பழசு வேண்டாம், புதுசா வாங்குங்க. சாதி, வருமானம் ரெண்டையும் ஒரே கேன் எண்ல (இசேவைல ஆளுக்கு ஒண்ணா பதியற எண்) ஒரே நாள்ல போட்டுடலாம். கேன் பதியும்போது கொடுக்கற செல்போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும், அதனால வீட்லயே இருக்கற எண்ணைக் கொடுங்க.

இன்னொண்ணு, பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும் ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க. ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, ஆங்கிலத்துல ஒரு 'எச்' கூடுதல், இப்படி வரும். வித்தியாசம் இருந்தா ஆதாரைத்தான் மாத்தணும். மதிப்பெண் சான்றைத் திருத்தக் கிளம்பினா காலம் போயிடும். ஆதார்ல பெயரை ரெண்டு முறைதான் மாத்த முடியும், அதனால நிதானமா எழுதிக் கொடுங்க.

பதில் 2: கருப்பூர்_வாத்தியார்

கட் ஆஃப் இப்படி வரும்: கணிதம் முழுதாக 72, இயற்பியலில் பாதி 34, வேதியியலில் பாதி 37. மொத்தம் 200க்கு 143.

ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியலுக்கும் அது இருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மலையில் உள்ள பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் சேரும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தாளா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் படித்ததற்கான சான்று வாங்குங்கள்.

கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசையாக எழுதும் விருப்பப் பட்டியலில்தான் நல்ல மதிப்பெண்ணும் வீணாகிறது. கணினி மேலிருந்து கீழே பார்க்கும், முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். 'இது எப்படியும் கிடைக்கும்' என்று நினைக்கும் கல்லூரியை மேலே வைத்தால், கீழே எழுதிய நல்ல கல்லூரியை அது பார்க்கவே பார்க்காது. உண்மையிலேயே ஆசைப்படுவது மேலே. எண்ணிக்கைக்கு வரம்பில்லை, ஐந்தாறோடு நிறுத்தாதீர்கள். எஸ்.டி. ஒதுக்கீடு 1 சதவீதம்தான், ஒரு பிரிவில் ஒரு இடம்கூட இல்லாமல் போகலாம். முந்தைய ஆண்டுகளின் கட் ஆஃபை சமூகவாரியாகப் பார்த்து எழுதுங்கள்.

சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியை மேலே வைக்கச் சொல்வேன். 1966இல் தொடங்கியது. உலோகவியல் பிரிவு தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில்தான் உண்டு, அதில் இது ஒன்று. கம்ப்யூட்டர் பிரிவைத் தவிர வேறெதையும் எழுதாமல் விடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. அது எனக்கு வருத்தம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். சும்மா விட்டால் இடம் போய்விடும். மலையில் சிக்னல் நம்ப முடியாது. அந்த நாட்களில் சேலத்தில் இருக்கும் கலந்தாய்வு உதவி மையத்துக்கே வந்துவிடுங்கள்.

நாகலூர்_அண்ணன்:

நன்றி சார், அண்ணா. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான். பி.இ. கிடைக்காவிட்டால்? அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு எங்கே எழுதிக் கொடுப்பது?

பதில் 3: செவ்வாய்ப்பேட்டை_அக்கா

தம்பி, பி.இ. கலந்தாய்வு முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குத் தனித் தேதி, அது முன்னாடியே முடிஞ்சிடும். அதையும் போட்டு வைங்க. அங்க கட் ஆஃப் கணக்கே வேற. தமிழ், ஆங்கிலம் விட்டுட்டு மிச்ச நாலு பாடத்தையும் கூட்டி 400க்குப் பார்ப்பாங்க. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்.

பாலிடெக்னிக்கும் இருக்கு. ப்ளஸ் டூ முடிச்சவ நேரடியா இரண்டாம் ஆண்டுல சேரலாம், ரெண்டே வருஷத்துல டிப்ளமோ. அதுக்கப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஒரு வருஷம்தான் கூடுதல்.

மாசம் ஆயிரம் ரூபாய்ங்கறது 2022ல ஆரம்பிச்ச புதுமைப் பெண் திட்டம். நீங்க எங்கயும் போய் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, சேர்ந்த கல்லூரியிலயே அதுக்குப் பொறுப்பாளர் இருப்பாங்க, அவங்க பதிவு பண்ணுவாங்க. பணம் அவ பேர்ல இருக்கற கணக்குக்குத்தான் வரும். கணக்குல ஆதாரைப் பதிஞ்சா மட்டும் பத்தாது. அரசுப் பணம் ஆதார் மூலமா இந்தக் கணக்குக்கு வரணும்னு வங்கியில தனியா எழுதிக் கொடுக்கணும். இதைச் செய்யாததாலதான் பல பிள்ளைகளுக்கு 'பணம் வரலை'ன்னு ஆகுது. சாதிச் சான்றுக்கு இறங்கற அன்னைக்கே, அவளையும் கூட்டிட்டு, பாஸ்புக்கோட வங்கிக்கும் போயிட்டு வந்துடுங்க.