வாழ்க்கையைக் கேள்வி கேக்குற படம் தமிழ்ல இருக்கா?

வடக்குமாசி:
மதுரைப் படம்னாலே அரிவாளும் சுமோவும்னு இருந்தது இப்போ கொஞ்சம் மாறியிருக்கு, சரி. ஆனா ‘எதுக்குப் பொறந்தோம்’னு நேருக்கு நேர் கேட்ட படம் எது? ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மனோட ‘தி செவன்த் சீல்’ 1957-லயே வந்துருச்சு. ஊரெல்லாம் கொள்ளைநோய். சிலுவைப் போர்ல இருந்து திரும்புன வீரன் சாவோட செஸ் ஆடிக்கிட்டே, கடவுள் ஏன் வாயே தொறக்கலைங்கிறான். நம்மாளுக வறுமையைக் காட்டுறதோட சரி.

மேலூர்க்காரன்:
அண்ணே, வினோத்ராஜோட ‘கூழாங்கல்’ பார்த்தீகளா இல்லையா? 2021-ல ராட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்குனது. அரிட்டாபட்டிப் பொட்டல், உச்சி வெயிலு. கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியக் கூப்பிட, குடிகார அப்பன் பள்ளிக்கூடத்துல இருந்த மகனை இழுத்துட்டுப் போறான். திரும்பி வர்றப்ப நடைதான். தாகத்துக்குப் பய ஒரு கல்லை வாயில போட்டுக்கிறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கிற இடத்துல ஏற்கெனவே கூழாங்கல்லாக் கிடக்கு! இந்த நடை இதோட எத்தனாவது? அதைச் சொல்ல ஒரு வசனம் கிடையாது.

வடக்குமாசி:
தம்பி, அது தண்ணிப் பஞ்சம். தத்துவமாக்காதீங்க. ஜப்பான் டைரக்டர் குரோசாவாவோட ‘இகிரு’ (1952) பாருங்க. காலமெல்லாம் ஃபைல்ல சீல் குத்துன அதிகாரிக்கு வயித்துல புற்றுநோய். சாகுறதுக்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு பார்க் கட்டுறார். படம் பாதி தாண்டுனதும் ஆளு போய்ச் சேர்ந்துடுறார். மிச்சமெல்லாம் எழவு வீட்டுல கூட வேலை பார்த்தவங்க குடிச்சிட்டுப் பேசுறது. ‘இனி நாமளும் அவரை மாதிரி’ன்னு அழுது சத்தியம் பண்றாங்க. ஆபீஸ் போனதும் பழைய குருடி கதவைத் திறடிதான். மனுசனை இப்படித் தோலுரிக்கணும்.

திருநகர் அக்கா:
சார், ‘கடைசி விவசாயி’யை விட்டுட்டீங்களே. செத்த மயிலைப் பொதச்சதுக்குக் கேஸு. உள்ள இருக்குற பெரியவருக்குக் கவலை பயிரைப் பத்தி மட்டும்தான். மாஜிஸ்திரேட் சொல்லி, போலீஸ்காரர் வயலுக்குப் போய்த் தண்ணி பாய்ச்சுறார். மாயாண்டியா வந்த நல்லாண்டி, உசிலம்பட்டிப் பக்கம் நெசமாவே விவசாயி. 2022-ல படம் வந்தப்ப அவர் உசுரோட இல்ல.

வடக்குமாசி:
நல்ல படம்தாம்மா. ஆனா மாயாண்டிக்குக் கேள்வியே கிடையாதே! ஏன் வாழ்றீகன்னு கேட்டா மம்பட்டியத் தூக்கிட்டு வயலுக்குப் போயிருவார்.

மேலூர்க்காரன்:
அவர் எதுக்குண்ணே கேக்கணும்? பார்க்குற நமக்குக் கேக்கத் தோணுதா இல்லையா? எனக்குத் தோணுச்சு.

வடக்குமாசி:
அப்படிப் பார்த்தா எல்லாப் படத்துலயும் தோணும். கூழாங்கல்லை இன்னொரு தடவை பார்க்குறேன். பெர்க்மன் பக்கத்துல மட்டும் வைக்க மாட்டேன்.

திருநகர் அக்கா:
சோனி லிவ்ல வந்துச்சு சார். போனை வெச்சுட்டுப் பாருங்க.