‘செட்’ என்ற ஒரு சொல்லை எத்தனை விதமாகத் தமிழாக்குவது?

தாழ்வாரம்:
மூன்று கோப்புகள் கையில் இருக்கின்றன: ஒரு கட்டுமானக் கையேடு, ஒரு நீதிமன்றச் செய்தி, ஒரு தோட்டக்கலைக் குறிப்பு. மூன்றிலும் ‘செட்’. கான்கிரீட் ‘செட்’ ஆகிறது, உத்தரவை உயர் நீதிமன்றம் ‘செட் அசைடு’ செய்கிறது, மாமரத்தில் பழம் ‘செட்’ ஆகிறது. அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஏதாவது ஒரு பொருள் உண்டா, இல்லை ஒவ்வொன்றையும் உருப்போடத்தான் வேண்டுமா?

வேர்ப்பலா:
ஒன்றல்ல, இரண்டு உண்டு. வினையாக வரும் ‘செட்’, ‘சிட்’ என்பதன் பிறவினை. நம்மிடம் அமர் – அமர்த்து, இரு – இருத்து என்று இருக்கிறதே, அதுதான். லை – லே, ரைஸ் – ரெய்ஸ், மரம் விழுவதற்கு ‘ஃபால்’, வெட்டிச் சாய்ப்பதற்கு ‘ஃபெல்’ என்பவையும் இதே சோடிகள். கோழி முட்டைமேல் உட்கார்ந்தால் ‘சிட்’, நாம் கோழியை அடை வைத்தால் ‘செட்’. ஆகவே வினையாக வந்தால் ‘எதையோ அதன் இடத்தில், நிலையில் இருத்துவது’ என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். மோதிரத்தில் கல் பதிப்பது, பொறி வைப்பது, அலாரம் வைப்பது, முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவது, அச்சுக் கோப்பது எல்லாம் இதில் அடங்கும்.

தொகுதி என்று பொருள்படும் பெயர்ச்சொல் வந்த வழி வேறு. இலத்தீன் ‘செக்டா’, அதாவது ஒருவரைப் பின்பற்றுவோர் கூட்டம், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லுக்கு அது உடன்பிறப்பு. வடிவம் ஒன்றாகிவிட்டதால் பின்னால் இரண்டும் கலந்துவிட்டன. நம் பம்பு செட், பல் செட், செட் தோசை எல்லாம் இந்த இரண்டாவது கிளை. சினிமா செட் முதல் கிளை. கல்லூரிப் பேராசிரியர் பணிக்கு எழுதும் செட் தேர்வு இரண்டிலும் சேராது, அது முதலெழுத்துச் சுருக்கம்.

அகராதி நீளமாக இருப்பதில் வியப்பில்லை. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இதுதான், 430 பொருள்கள். பிறகு திருத்தியபோது ‘ரன்’ வினை 645 பொருள்களோடு முந்திக்கொண்டது.

கலவைக்கரண்டி:
கட்டுமானக் கையேடு என்றால் கவனம். அங்கே ‘செட்டிங்’ வேறு, ‘ஹார்டனிங்’ வேறு. இரண்டுக்கும் ‘கெட்டிப்படுதல்’ என்று போட்டால் கையேடே தப்பாகிவிடும். கலவை குழைவை இழப்பது ‘செட்டிங்’. அதற்கு ‘இறுகுதல்’ பொருந்தும். இறுகியபின் நாள்கணக்கில் வலிமை ஏறுவது ‘ஹார்டனிங்’. அதற்குக் ‘கெட்டிப்படுதல்’ என்று வையுங்கள். 28 நாள் வலிமை என்பது இந்த இரண்டாவதைப் பற்றிய கணக்கு.

சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயப்படி தொடக்க இறுகல் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுதி இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ‘குறையாமல்’, ‘மிகாமல்’ என்ற இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். முதலாவது கலவையைக் கொட்டிப் பரப்ப வேண்டிய அவகாசத்துக்காக, இரண்டாவது வேலை தேங்காமல் இருப்பதற்காக.

கையேட்டில் ‘ஃபால்ஸ் செட்’, ‘ஃப்ளாஷ் செட்’ என்று இரண்டும் வரலாம். முதலாவதில் கலந்த சில நிமிடங்களில் கலவை விறைக்கும், ஆனால் சூடு அவ்வளவாக இருக்காது. தண்ணீர் சேர்க்காமல் மறுபடி கிளறினால் பழையபடி குழையும். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்கச் சேர்க்கும் ஜிப்சம், ஆலையில் அரைக்கும்போது சூடேறி நீரை இழந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டாவதில் ஜிப்சம் போதாமல் போயிருக்கும். நல்ல சூடு கிளம்பும், கிளறினாலும் மீளாது. ‘பொய் இறுகல்’, ‘திடீர் இறுகல்’ என்று பிரித்து எழுதினால் கலவையை எப்போது கொட்டிக் கழிக்க வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

மசிக்கூடு:
வேர்ப்பலா சொல்லும் வரலாறு சரி. ஆனால் ‘இருத்துதல்’ என்பதைக் கையில் வைத்துக்கொண்டு ‘செட் அசைடு’ பக்கம் போனால் மாட்டிக்கொள்வீர்கள். பணத்தை ‘செட் அசைடு’ செய்தால் ஒதுக்கி வைப்பது. நீதிமன்றம் உத்தரவை ‘செட் அசைடு’ செய்தால் ரத்து செய்வது. ‘உத்தரவை ஒதுக்கி வைத்தது’ என்று எழுதினால், தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார். வழக்கின் முடிவே தலைகீழ்.

‘செட் ஆஃப்’ இன்னும் வழுக்கும். ஆள் எழுவாயாக வந்து செயப்படுபொருள் இல்லையென்றால் புறப்படுவது. வெடியோ அலாரமோ செயப்படுபொருளானால் வெடிக்கவோ ஒலிக்கவோ செய்வது. வருமான வரிக் கணக்கில் வந்தால் நட்டத்தை வருமானத்தில் கழித்து நேர்செய்வது. முதலில் யார் எதைச் செய்கிறார் என்று பாருங்கள், பிறகு துறையைப் பாருங்கள், வேரைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

தோட்டக்கலைக் குறிப்பில் ‘பழம்’ என்ற சொல்லே வேண்டாம். பூ கருவுற்றுப் பிஞ்சாக நிற்பதைத்தான் ‘ஃப்ரூட் செட்’ என்கிறார்கள். பிஞ்சு பிடித்தல், காய்ப்பிடிப்பு. மாவில் ஒரு பூங்கொத்தில் பூக்கும் பூக்களில் மிகச் சிலவே காயாகும் என்பதால் அந்த விகிதம்தான் குறிப்பின் உயிர்.

காலமும் ஏமாற்றும். இந்த வினை இறந்தகாலத்திலும் உருமாறாது. ‘ஹீ செட் த அலாரம்’ என்றால் ‘வைத்தான்’ மட்டுமே; நிகழ்காலமானால் ‘செட்ஸ்’ என்று வந்திருக்கும். ‘தே செட்’ என்றால் முன்பின் வாக்கியத்தைப் பார்க்காமல் தீர்மானிக்க முடியாது.

நெய்தல்கரை:
கணிதப் பாடம் வந்தால் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘கணம்’, இலங்கையில் ‘தொடை’. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தாழ்வாரம்:
நால்வருக்கும் நன்றி, கோப்பைத் திருத்திவிட்டேன். எதிர்த்திசையில் ஒரு சந்தேகம். ‘எனக்கு செட் ஆகல’ என்று நாம் பேசுவதை ஆங்கிலத்தில் ‘செட்’ வைத்தே சொல்லலாமா?

மசிக்கூடு:
கூடாது. ‘நாட் செட் ஃபார் மீ’ என்றால் ஆங்கிலக்காரருக்குப் புரியாது. வேலை செட் ஆகவில்லை என்றால் ‘சூட்’. இரண்டு பேருக்குச் செட் ஆகவில்லை என்றால் ‘கெட் அலாங்’. மூடி டப்பாவுக்குச் செட் ஆகவில்லை என்றால் ‘ஃபிட்’. ‘தேதி செட் ஆகல’ மட்டும் இரண்டு பக்கமும் பேசும்: இன்னும் முடிவாகவில்லை என்றால் ‘ஹேஸ்ன்ட் பீன் செட்’ சரியான ஆங்கிலம், அந்தத் தேதி வசதிப்படாது என்றால் ‘டஸின்ட் வொர்க்’.