அம்மாயி கருமாதி – ஞாயிறு

பெரிய மாமா (தோஹா): ஞாயிறு இங்கே வேலை நாள். அங்கே காலை பத்து, எனக்கு ஏழரை. வீடியோவில்தான் நிற்க முடியும். நேற்று மாதிரி அறுந்தால் என்ன செய்வது?

சாந்தி பெரியம்மா: மூன்று தடவை அறுந்தது. பனிமூட்டம், அந்த மிஸ்டு, இறங்கினால் ஹட்டனில் இப்படித்தான்

ரவி அண்ணன்: மிஸ்டு இல்லம்மா. பிள்ளைக்குப் பால் சுடவைத்தபோதெல்லாம் அறுந்தது. ணிங் என்றதும் வந்துவிட்டது

திலீப்: அப்படியென்றால் காரணம் அவன்தான்

சாந்தி பெரியம்மா: எவன்?

திலீப்: மைக்ரோவேவ் அவன், பெரியம்மா. அது 2450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சுடுகிறது. நம் வைஃபை ஓடுவதும் 2400க்கும் 2483க்கும் நடுவில். ரௌட்டருக்குப் பலம் 0.1 வாட் அளவுதான், அவனுக்கு 700, 800. கதவு இடுக்கில் துளி கசிந்தாலே ரௌட்டர் சத்தம் அமுங்கிவிடும். ஆளுக்கு ஆபத்தில்லை. வீட்டுக்குள் ஓடும் வைஃபையை மிஸ்டு ஒன்றும் செய்யாது. ரௌட்டர் எங்கே இருக்கிறது?

ரவி அண்ணன்: அவன் தலையில்

பெரிய மாமா (தோஹா): நான் அனுப்பிய சாமான் எப்போதும் குற்றம்தான்

செல்வி சித்தி: அம்மா கேட்டது கிரைண்டர்

சாந்தி பெரியம்மா: விடு செல்வி

செல்வி சித்தி: அப்பா சாவுக்கும் போனில்தான் வந்தார். அதையும் விடவா?

கவிதா: வடைக்கு உளுந்து யார் ஊறவைக்கிறீர்கள்?

சாந்தி பெரியம்மா: நான். ஒரு கிலோ

திலீப்: வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அவன் தொந்தரவு இருக்காது. ஆனால் அது கருங்கல் சுவரைத் தாண்டச் சிரமப்படும், முன்னால் தகரப் பந்தல் வேறு. ரௌட்டரை முன் வராந்தாவுக்கு, இஸ்தோப்புக்குக் கொண்டுவந்தால் சரி. முடியாவிட்டால் இப்போதுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ரௌட்டர் செட்டிங்கில் சேனல் 1 போட்டுப் பாருங்கள், 11ஐ விடக் கொஞ்சம் தப்பும்

ரவி அண்ணன்: வயர் எட்டாது

கவிதா: அவனைப் பிடுங்கி வைத்தால் போதாதா?

சாந்தி பெரியம்மா: கைப்பிள்ளை நாலு வருகிறது. காஸ் அடுப்பு இரண்டிலும் சோறும் சாம்பாரும். பால் எதில் சுடுவது?

ரவி அண்ணன்: பின்னால் விறகடுப்பு

சாந்தி பெரியம்மா: விறகெல்லாம் ஈரம்

பெரிய மாமா (தோஹா): படையல் போடும்போது மட்டும் அணைத்து வையுங்கள். அம்மா படம் தெரிகிற மாதிரி போனை வை ரவி

ரவி அண்ணன்: சரி மாமா. வயர் பத்து மீட்டராவது வேண்டும். காசு?

செல்வி சித்தி: நான் தருகிறேன். கிரைண்டர் கணக்கில் எழுதிக்கொள்

சாந்தி பெரியம்மா: உளுந்து ஒரு கிலோ பத்துமா?