அரிசி ஏற்றுமதித் தடை: ஊரைக் காப்பாத்துச்சா, விவசாயி கையைக் கட்டுச்சா?

டெல்டா_சம்பா:
2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி இல்லாத பச்சரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டுச்சு, ஒரு மாசத்துல புழுங்கலரிசிக்கு 20 சதவீதம் ஏற்றுமதி வரி, குருணைக்கு 2022 செப்டம்பர்லயே தடை. எல் நினோ வருது, மழை பொய்க்கும், விளைச்சல் விழும்னு காரணம் சொன்னாங்க. கடைசில என்ன ஆச்சு? 2022-23ல நாட்டோட அரிசி உற்பத்தி 13.57 கோடி டன், தடை இருந்த 2023-24ல 13.78 கோடி டன். குறையவே இல்ல, கூடிருக்கு. ஆனா தடையை எடுக்க 2024 செப்டம்பர் கடைசி வரைக்கும் ஆச்சு. பதினாலு மாசம் உலகத்துல அரிசி விலை உசரத்துல இருந்தப்ப எங்க நெல்லுக்கு அந்த விலை வந்து சேரவே இல்ல. இதை யாராவது நியாயம்னு சொல்ல முடியுமா, சொல்லுங்க, கேக்கிறேன்.

ரேஷன்_அட்டை:
நான் சொல்றேன். அறுவடை முடிஞ்சப்புறம் கணக்கு பாத்து பேசுறது சுலபம், முடிவெடுக்க வேண்டிய அன்னைக்கு என்ன நிலைமைன்னு பாருங்க. ஒரு வருஷத்துல சில்லறை அரிசி விலை 11.5 சதவீதம் ஏறிருந்துச்சு, அந்த ஒரு மாசத்துல மட்டும் 3 சதவீதம். அப்புறம் வந்த ஆகஸ்ட் மாசம் 1901க்கு அப்புறம் இவ்வளவு வறண்ட ஆகஸ்ட் வந்ததே இல்ல. உலகத்துல ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு போற அரிசியில 40 சதவீதம் கிட்ட நம்மளோடது, அந்த மதகைத் திறந்து விட்டுட்டு இங்க 80 கோடி பேருக்கு மாசம் அஞ்சு கிலோ தானியம் இலவசமா எங்கேர்ந்து குடுப்பீங்க? தமிழ்நாட்டுல அரிசி கார்டு எல்லாத்துக்கும் அரிசி ஓடுது, அது இல்லன்னா என்ன ஆகும்னு கூலி வேலைக்குப் போற குடும்பத்தைக் கேளுங்க. அரசு தப்பு பண்ணினாலும் அது ஜாக்கிரதையால வந்த தப்பா தான் இருக்கணும்.

டெல்டா_சம்பா:
@ரேஷன்_அட்டை ரேஷன் அரிசியை யாரும் தொடச் சொல்லல. அது எஃப்சிஐ, அதாவது இந்திய உணவுக் கழகம், கொள்முதல் பண்ற அரிசி, ஏற்றுமதிக்காரன் வெளிச்சந்தைல வாங்குறான், ரெண்டும் வேற வேற வழி. தடை போட்டதும் கடைல விலை எறங்குச்சா? எறங்கல, அதுக்கப்புறமும் மாசக்கணக்கா ஏறிட்டு தான் இருந்துச்சு, 2024 பிப்ரவரில கிலோ 29 ரூபாய்க்கு பாரத் அரிசின்னு அரசே தனியா இறக்க வேண்டியதா போச்சு. அப்போ தடையால யாருக்கு என்ன கெடச்சுது?

மில்லு_கணக்கு:
நடுவுல வரேன், நான் ரைஸ் மில்லுல ஷிப்பிங் பேப்பர் பாக்குற ஆளு. தடைன்னு வந்தா வெளில இருக்கிறவங்களுக்கு ஒரு வரி செய்தி, உள்ள இருக்கிறவங்களுக்கு அது வேற. எல்சி (பாங்க் குடுக்கிற பண உத்தரவாதக் கடிதம்) ஓப்பன் ஆன சரக்கு, சார்ட்டெக்ஸ் மெஷின்ல நிறம் பிரிச்சு முடிச்சு பை போட்டு காக்கிநாடா துறைமுகம் போற லாரில ஏத்தின சரக்கு, எல்லாம் ஒரே நாள்ல நின்னுச்சு. கப்பல்ல ஏத்த ஆரம்பிச்சது, கஸ்டம்ஸ் கையில ஒப்படைச்சது மாதிரி சரக்குக்கு மட்டும் விதிவிலக்கு வெச்சாங்க, துறைமுக கேட்டுக்கு வெளில நின்னவனுக்கு ஒண்ணும் இல்ல. வாங்குறவன் ஒப்பந்தத்தைக் காட்டி நஷ்டஈடு கேக்குறான், பாங்க் வட்டி ஓடுது. இதுக்கப்புறம் மில்லுக்காரன் என்ன பண்ணுவான், அடுத்த தடவை நெல்லு பிடிக்கும்போது இந்த ரிஸ்க்குக்கும் சேத்து விலையைக் கொறச்சு தான் கேப்பான், அது நேரா விவசாயி தலைல தான் விழும். ஆனா டெல்டா அண்ணே, நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க, 2024 தொடக்கத்துல சன்ன ரகத்துக்கு வியாபாரிங்க ஆதார விலைக்கு மேலயே குடுத்தாங்க, அதையும் சேத்து சொல்லணும்.

டெல்டா_சம்பா:
குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா தாய்லாந்து, வியட்நாம் அரிசி அந்த சமயத்துல டன்னு 600 டாலரைத் தாண்டி போச்சு. அந்த ஏத்தத்துல நாலுல ஒரு பங்காவது எங்க நெல்லு விலைல வந்திருக்கணும். நேரடி கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு மழைல நிக்க வைக்கும்போது, வெளில வியாபாரி ஒருத்தன் நல்ல விலை கேக்குறான்கிறது தான் எங்களுக்கு இருக்கிற ஒரே பேரம். அந்த வியாபாரி கையையும் கட்டினா நாங்க யார்கிட்ட போவோம்?

பினாங்குவாசி:
மலேசியாலேர்ந்து எழுதுறேன், நீங்க ரெண்டு பேரும் இந்தியாவுக்குள்ளயே சண்டை போடுறீங்க, அந்த முடிவோட அடி எங்க வரைக்கும் வந்துச்சுன்னு பாருங்க. 2023 செப்டம்பர் 1ல இங்க அரிசி இறக்குமதி பண்ற பெர்னாஸ் கம்பெனி இறக்குமதி வெள்ளை அரிசி விலையை டன்னு 2,350 ரிங்கிட்லேர்ந்து 3,200 ஆக்குச்சு. உள்ளூர் அரிசிக்கு கிலோ 2.60 ரிங்கிட்னு கட்டுப்பாட்டு விலை, அதனால எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய, ஷெல்ஃப் காலி. அதே மாசம் பிலிப்பைன்ஸ்ல அரிசிக்கு உச்சவரம்பு விலையே போட்டாங்க. பணம் இருக்கிற நாங்க எப்படியோ வாங்கிடுவோம், பெனின், செனகல் மாதிரி இடத்துல உங்க புழுங்கலரிசியையும் குருணையையும் நம்பி தான் ஜனம் சாப்பிடுது, அவங்க என்ன பண்ணுவாங்கன்னு டெல்லில யாராவது யோசிச்சாங்களா?

ரேஷன்_அட்டை:
@பினாங்குவாசி யோசிச்சாங்க. கேட்ட அரசாங்கங்களுக்கு தனி ஒதுக்கீடு குடுத்தாங்க, சிங்கப்பூர், பூடான், மொரிசியஸ், நேபாளம்னு பட்டியலே இருக்கு. ஆனா அடிப்படையா ஒரு கேள்வி. பஞ்சாப்ல நிலத்தடி நீர் வருஷத்துக்கு ஊறுறதை விட ஒன்றரை மடங்குக்கு மேல உறிஞ்சி எடுக்கிறோம், இலவச மின்சாரம், மானிய யூரியா, இவ்வளவும் மக்கள் வரிப்பணம். அந்த அரிசியை சல்லிசா வெளிநாட்டுக்கு அனுப்புறது நம்ம தண்ணியையும் பணத்தையும் சேத்து அனுப்புறது. பஞ்சம் பயம் வர்ற வருஷத்துலயும் அதை நிறுத்தக்கூடாதுன்னா எப்போ நிறுத்துறது?

மில்லு_கணக்கு:
பஞ்சாப் தண்ணி பிரச்சனை உண்மை, ஆனா அதுக்கு வைத்தியம் நெல்லு போடுற பரப்பைக் கொறைக்கிறது, ஏற்றுமதியைத் திடீர்னு நிறுத்துறது இல்ல. இன்னொரு விஷயம், நாம நம்பர் ஒன் ஆனதே எப்படின்னு பாருங்க. 2007 அக்டோபர்ல இதே மாதிரி தடை போட்டோம், வியட்நாமும் நிறுத்துச்சு, 2008ல தாய்லாந்து அரிசி டன்னு ஆயிரம் டாலர் கிட்ட போச்சு. அப்புறம் 2011ல தாய்லாந்துல சந்தை விலையை விட ரொம்ப கூட, டன்னு நெல்லு 15,000 பாட்னு அரசே வாங்கி குடோன்ல அடைச்சாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல நாம தடையை எடுத்தோம், அடுத்த வருஷமே முதல் இடம் நமக்கு. அவன் தன் அரசு பண்ணின முடிவால சந்தையை விட்டான், நாம அதைப் பிடிச்சோம். 2023ல நாமளே அந்த தப்பை வேற மாதிரி பண்ணினோம். வாங்குறவனுக்கு விலையை விட நம்பிக்கை முக்கியம்ங்க.

கிளிநொச்சி_வயல்:
நானும் ஒண்டு சொல்லவேணும். எங்கட இலங்கையில 2021ல ரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினவங்கள், விளைச்சல் விழுந்து கடைசியில அரிசிக்கு இந்தியாவின்ர கடன் உதவியை எதிர்பாத்து நிண்டனாங்கள். பிறகு 2024 டிசம்பரிலயும் தட்டுப்பாடு, தனியார் இறக்குமதி செய்யலாம் எண்டு திறந்துவிட்டு கிலோவுக்கு 65 ரூபா வரி போட்டவை. அந்த வரி இருந்தபடியாத்தான் பெரும்போக அறுவடை வரேக்க எங்கட நெல்லுக்கு ஒரு விலையாவது மிஞ்சினது எண்டு நான் நினைக்கிறன். ஆனபடியா டெல்டா அண்ணை சொல்லுறதும் எனக்கு விளங்குது, ரேஷன் அண்ணை சொல்லுறதும் விளங்குது. வரி எண்டால் கணக்குப் பாத்து ஏத்தலாம் இறக்கலாம், தடை எண்டால் கதவு பூட்டினமாதிரி. ஒரு இரவில நடக்கிற எந்த முடிவும் வயல்காரனுக்கு நல்லதா முடிஞ்சதை நான் காணேல்ல.

ரேஷன்_அட்டை:
@கிளிநொச்சி_வயல் வரி தான் புழுங்கலரிசிக்கு போட்டாங்களே, 20 சதவீதம். அதையும் டெல்டா எதிர்க்கிறார்.

டெல்டா_சம்பா:
எதிர்க்கிறேன், ஏன்னா அந்த 20 சதவீதம் போய் சேந்தது கஜானாவுக்கு. வாங்குறவன் கூட குடுத்தான், நடுவுல அரசு எடுத்துக்கிச்சு, விளைவிச்சவனுக்கு ஒரு பைசா வரல. நகரத்துல இருக்கிறவங்களுக்கு மலிவா அரிசி வேணும்னா அந்த செலவை எல்லாரும் சேந்து பட்ஜெட்ல ஏத்துக்கணும், நெல்லுக்காரன் மட்டும் ஏன் சுமக்கணும்? உலக வர்த்தக அமைப்புல போய் உக்காந்து, பொது இருப்புக்கு ஆதார விலை குடுத்து வாங்குற எங்க உரிமையைத் தொடாதே, 1986-88 விலையை வெச்சு இன்னைக்கு மானியக் கணக்கு போடாதேன்னு பேசுறாங்க, 2013 பாலி மாநாட்டுலேர்ந்து பேசுறாங்க, அதுல நான் அரசு பக்கம் தான். ஆனா அங்க விவசாயி பேரைச் சொல்லி வாதாடிட்டு இங்க வந்து அதே விவசாயிக்கு சந்தையைப் பூட்டுறீங்க. 2025ல பாருங்க, தடை எல்லாம் போனதும் குடோன் நெறஞ்சு வழிஞ்சுச்சு, கிலோ 22.50 ரூபாய்க்கு எத்தனாலுக்கு அரிசி குடுத்தாங்க, உலக விலை டன்னு 400 டாலருக்கும் கீழ போச்சு. நல்ல விலை இருந்தப்ப விக்க விடல, விழுந்தப்புறம் வித்துக்கோன்னா?

ரேஷன்_அட்டை:
எத்தனால் விஷயத்துல உங்க கூட நிக்கிறேன், சாப்பிடுற அரிசியை வண்டிக்கு ஊத்துறதுக்கு பதிலா அந்த இருப்பை 2023லயே வெளிச்சந்தைல வேகமா விட்டிருக்கணும். ஆனா தடையே வேண்டாம்னா ஒத்துக்க மாட்டேன். சரி, ஒரே ராத்திரில பூட்டக்கூடாதுங்கிற உங்க வழியிலேயே வரேன், தடையை 30 நாள் முன்னாடி அறிவிக்கணும்னு சட்டம் போட்டா அந்த 30 நாள்ல பெரிய கம்பெனிங்க இருக்கிற அரிசி அத்தனையும் வாங்கி கப்பல்ல ஏத்திடுவாங்க, விலை இன்னும் எகிறும். அதுக்கு என்ன பதில்?

மில்லு_கணக்கு:
அளவு உச்சவரம்பு வைங்க. முந்தின வருஷம் அதே மாசம் போன அளவுக்கு மேல போகக்கூடாதுன்னு துறைமுகத்துல கஸ்டம்ஸ்ல போடுற ஷிப்பிங் பில்லை வெச்சே நிறுத்தலாம், எல்லாம் கம்ப்யூட்டர்ல தான் ஓடுது. பழைய ஒப்பந்தமும் கெடாது, புதுசா அள்ளவும் முடியாது. மத்திய தொகுப்புல, அதாவது மத்திய அரசு குடோன் கணக்குல, இருப்பு இவ்வளவுக்கு கீழ எறங்கினா உச்சவரம்பு வரும், மேல ஏறினா போகும்னு நம்பரை முன்கூட்டியே போட்டு வெச்சிடணும்.

டெல்டா_சம்பா:
அந்த நம்பரை நாத்து விடுறதுக்கு முன்னாடி அறிவிக்கணும். அப்படின்னா நான் எதிர்க்க மாட்டேன், எந்த ரகம் போடுறதுன்னு நானும் அதைப் பாத்து முடிவு பண்ணிக்குவேன்.

ரேஷன்_அட்டை:
இருப்பு அளவை யார் முடிவு பண்றது? வேளாண்துறையா, உணவுத்துறையா? இந்த ரெண்டு பேரும் ஒரே நம்பர் சொல்ல மாட்டாங்க. உணவுத்துறை கைல இருந்தா மட்டும் தான் நான் சம்மதிப்பேன்.

டெல்டா_சம்பா:
அங்க தான் நான் நிக்க மாட்டேன். அந்த மேசைல விவசாயிக்கும் ஒரு ஓட்டு வேணும்.