நட்சத்திரங்கள் பதிகின்றன, நெபுலா மட்டும் பதியவில்லை: எக்ஸ்போஷர் குறைவா, பிலிமே காரணமா?

வால்மீன்வேட்டை (கேள்வி):
கறுப்பு வெள்ளை பிலிமில் நெபுலா (விண்வெளியின் வாயு, தூசு மேகம்) எடுக்க முயன்று வருகிறேன். முழுக்க மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் கேமரா, எஃப்/4-இல் வைத்த 135 மிமீ லென்ஸ், வானத்தோடு சுழலும் மோட்டார் தாங்கி, சாதாரண 400 ஐஎஸ்ஓ பான்குரோமாட்டிக் (எல்லா நிறங்களையும் உணரும்) பிலிம். பிரேமுக்கு 10 நிமிடம். டெவலப் செய்வதும் நானே.

நட்சத்திரங்கள் ஊசிமுனை போல விழுகின்றன. ஆகவே ஃபோகஸையும் துருவ ஒழுங்கையும் (தாங்கியின் அச்சு வானத் துருவத்தை நோக்கி நிற்பதையும்) நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் வட அமெரிக்க நெபுலா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் கூட்டம்தான் இருக்கிறது. ஓரியனில் குதிரைத்தலை என்ற இருண்ட நெபுலாவுக்குப் பின்னால் இருக்கும் ஒளித்திரையும் வரவில்லை. வானம் நல்ல இருட்டு. பால்வீதியின் நடுப்பிளவு வெறுங்கண்ணுக்கே தெரியும். 20 நிமிடம் திறந்து வைத்தால் சரியாகிவிடுமா?

இருட்டறைவாசி:
நேரத்தை இரட்டித்தால் பதிவும் இரட்டிக்கும் என்று எண்ண வேண்டாம். மங்கலான ஒளியில் பிலிம் சோம்பிவிடும். கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு வானப் படத் தட்டுகளை ஆராய்ந்து 1900-ஐ ஒட்டி எழுதிவைத்த விஷயம் இது. இல்ஃபோர்டு தன் பிலிம்களுக்கு ஒரு கணக்குத் தருகிறது: மீட்டர் காட்டும் நொடிகளை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தினால், உண்மையில் தேவைப்படும் நொடிகள் கிடைக்கும். அவர்களின் 400 ஐஎஸ்ஓ பிலிமான எச்பி5 பிளஸுக்கு அந்த அடுக்கு 1.31. உங்கள் பிலிமும் அதே ரகம் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்தின் பயன் ஏறத்தாழ 132 நொடி. 20 நிமிடத்துக்கு 224 நொடி. இரு மடங்கு காத்திருந்து 1.7 மடங்கு பெறுகிறீர்கள்; வானத்தின் பின்னணி ஒளியும் அதே அளவு ஏறும்.

நீளப்பார்வை:
அப்படியானால் ஃபியூஜியின் அக்ரோஸ் பிலிம் வாங்குங்கள். 120 நொடி வரை அதற்குத் திருத்தமே வேண்டாம். இந்தச் சோர்வு மிகக் குறைவாக உள்ள கறுப்பு வெள்ளை பிலிம் அதுதான்.

செம்மீன்:
பிலிம் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி. அதே சுருளில் வேறு நெபுலா எதுவாவது பதிந்திருக்கிறதா? எது பதிந்தது, எது பதியவில்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வால்மீன்வேட்டை:
ஓரியனின் வாளில் இருக்கும் பெரிய நெபுலா, எம்42, நன்றாகவே வந்திருக்கிறது. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள புகைமூட்டமும், லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தால், மெலிதாகத் தெரிகிறது. பதியாதவை மேலே சொன்ன இரண்டும்.

செம்மீன்:
விடை உங்கள் நெகட்டிவிலேயே இருக்கிறது. கார்த்திகையின் புகை என்பது தூசு. நட்சத்திரங்களின் நீல ஒளியைத்தான் அது சிதறடிக்கிறது. எம்42-இல் சிவப்போடு ஆக்சிஜனின் பச்சை ஒளியும் (500.7 நானோமீட்டர்) தாராளமாக உண்டு. வட அமெரிக்க நெபுலாவும் குதிரைத்தலையின் திரையும் பெரும்பாலும் எச்-ஆல்பாவில், அதாவது ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பில், ஒளிர்பவை. சாதாரண பான்குரோமாட்டிக் பிலிம்களின் உணர்திறன் 650-ஐ ஒட்டியே சரிந்து விழுந்துவிடுகிறது. நீலமும் பச்சையும் பதிந்து சிவப்பு மட்டும் தவறுகிறது என்றால் அது எக்ஸ்போஷர் குறை அன்று. எக்ஸ்போஷர் குறைந்திருந்தால் கார்த்திகையின் மெல்லிய புகையும் சேர்ந்தல்லவா காணாமல் போயிருக்க வேண்டும்!

இந்த நெபுலாக்களில் நீலப்பச்சையான எச்-பீட்டாவும் உண்டுதான். ஆனால் அது ஆல்பாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வழியில் இருக்கும் தூசு அதையும் தின்றுவிடுகிறது.

அக்ரோஸ் யோசனை இங்கே ஒரு பொறி. நீண்ட எக்ஸ்போஷரில் அது சோர்வதில்லை, உண்மை. ஆனால் அது ஆர்த்தோபான் வகை, சிவப்பு உணர்வு குறைந்தது. ஆழ்ந்த சிவப்பில் உங்கள் இப்போதைய பிலிமை விடவும் குருடு. நட்சத்திரப் புலங்களுக்கும் கார்த்திகைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நீளப்பார்வை:
ஏற்கிறேன். நான் எடுப்பதெல்லாம் நட்சத்திரத் தடங்கள். அதனால் சிவப்பு நினைவுக்கு வரவில்லை. ஆனால் டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டுப் பார்க்கலாமே?

இருட்டறைவாசி:
பதிந்ததைத்தான் டெவலப்பர் கறுப்பாக்கும். பிலிமில் ஒளி படாத வெள்ளி உப்பு மணிகளில் அது என்ன செய்யும்? கான்ட்ராஸ்ட் ஏறும், வானத்தின் மூட்டமும் கூடவே ஏறும்.

ஒரு காலத்தில் இதற்கு ஏற்றதாகக் கோடாக்கின் டெக்னிக்கல் பான் பிலிம் இருந்தது. 690 வரை பார்க்கும். நைட்ரஜனோடு சிறிது ஹைட்ரஜன் கலந்த வாயுவில் அதைச் சூடாக ஊறவைத்து வேகமூட்டுவார்கள். இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய சுருள் விற்பனைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், மூட்டம் படிந்திருக்கும்.

செம்மீன்:
இன்றைக்குக் கிடைப்பதில் இரண்டு வழி. கறுப்பு வெள்ளையே வேண்டுமென்றால் இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200. 740 வரை பார்க்கும். ஆனால் சோர்வில் படுமோசம், அடுக்கு 1.43. அதன் 10 நிமிடம் 88 நொடிக்குத்தான் சமம். அதனால் லென்ஸை முழுக்கத் திறந்து, 25 எண் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுங்கள். இருண்ட வானத்துக்கும் ஆக்சிஜனின் பச்சை ஒளிர்வு (557.7) உண்டு, ஃபில்டர் அதை வெட்டிவிடும். சிவப்பு மட்டுமே உள்ளே வருவதால், முழுக்கத் திறந்த பழைய லென்ஸ்கள் நட்சத்திரத்தைச் சுற்றிப் போடும் நீல வளையமும் போய்விடும். மூலை நட்சத்திரங்கள் சிறகு விரிப்பதை மட்டும் ஃபில்டரால் தடுக்க முடியாது.

மற்றது கோடாக் எக்டாக்ரோம் இ100 வண்ண ஸ்லைடு பிலிம். 2018-இல் மறுபடி வந்தது; எச்-ஆல்பாவைச் சிவப்பாகவே காட்டும். என்னைக் கேட்டால் இதிலிருந்து தொடங்குங்கள். எது நெபுலா, எது டெவலப்பிங் கறை என்ற சந்தேகத்தை நிறமே தீர்த்துவிடும்.

எந்த வழியிலும் எக்ஸ்போஷர் 20 நிமிடத்துக்கு மேல் போகும், ஆகவே துருவ ஒழுங்கை இன்னும் இறுக்குங்கள். நடுவில் புள்ளி, ஓரங்களில் சிறு வில் என்று வந்தால் படம் சுழல்கிறது என்று பொருள். பனி படியும் இரவுகளில் லென்ஸைச் சுற்றி மெல்லிய சூடாக்கும் பட்டை தேவை.

வால்மீன்வேட்டை:
இ100-ஐயே எடுத்துக்கொள்கிறேன். ஸ்லைடை லேபில் கொடுத்துத்தான் கழுவ வேண்டும். அவர்களிடம் ஏதாவது சொல்லி வைக்க வேண்டுமா?

இருட்டறைவாசி:
சுருளின் முதல் பிரேமில் வெயிலில் ஏதாவது ஒரு காட்சியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருண்ட பிரேம்களின் எல்லை தெரியாமல் நடுவே வெட்டிவிடுவார்கள். எதுவுமே பதியவில்லை என்று சொல்லித் திருப்பித் தருவதும் உண்டு. உறையின் மேல் ‘வெட்ட வேண்டாம், சுருளாகவே தரவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஸ்கேன் கேட்காதீர்கள். தானியங்கி ஸ்கேனர் கறுப்பு வானத்தைச் சாம்பலாக்கி, நெபுலாவை அதில் கரைத்துவிடும். ஒளிப்பெட்டியில் வைத்து லூப்பால் பாருங்கள், பிறகு நீங்களே ஸ்கேன் செய்யலாம்.