கேம்பர் பிரேக் கன்ட்ரோலர்: டைம் டிலே போதுமா, புரொப்போர்ஷனல்தான் வேண்டுமா?

புதுப்பயணி:
வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன். சாமான் ஏற்றித் தண்ணீரும் நிரப்பினால் 1,800 கிலோ வருகிறது. இரண்டு ஆக்ஸில், நான்கு சக்கரத்திலும் எலெக்ட்ரிக் டிரம் பிரேக். முன்பு வைத்திருந்தவர் தன்னுடைய டைம் டிலே கன்ட்ரோலரையும் (வண்டியில் பிரேக் போட்டதும் டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் டப்பா) சேர்த்தே கொடுத்துவிட்டார், அதைத்தான் என் வண்டியில் மாட்டியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் அவசரமாகப் பிரேக் போட்டால் கேம்பர் பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறது. சரி என்று கெயினை, அதாவது டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் மின்சாரத்தின் உச்ச அளவைக் கூட்டினால், நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெடலைத் தொட்டாலே சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த மாதிரி வெடுக்கென்று நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. இதைக் கழற்றிவிட்டுப் புரொப்போர்ஷனல் வாங்கட்டுமா, இல்லை இதையே சரிசெய்ய முடியுமா?

மலைப்பாதை:
கழற்றிவிடுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லையும் டைம் டிலேயின் பிறவிக் குணம். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பிரேக் லைட் எரிகிறதா இல்லையா. எரிந்தால், நீங்கள் வைத்த அளவு வரை மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும். நீங்கள் பெடலை வருடினீர்களா, எழுந்து நின்று மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. மெதுவாக நிற்க நினைத்தாலும் முழு அளவுக்குத்தான் போகும், அதுதான் அந்த வெடுக். அவசரத்திலோ ஏறி முடிக்க நேரம் எடுக்கும். 80 கிமீ வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுவீர்கள்.

புரொப்போர்ஷனலில் வேகம் குறைவதை அளக்கும் சென்சார் இருக்கிறது. வண்டி எவ்வளவு கடுமையாக வேகம் இழக்கிறதோ அந்த அளவுக்கு டிரெய்லரும் பிடிக்கும். நான் மாற்றி ஐந்து வருடம் ஆகிறது, திரும்பிப் பார்க்கவில்லை.

பழையவண்டி:
கேள்வி கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் "கழற்றிவிடுங்கள்". தம்பி, அந்த டப்பாவில் கெயின் தவிர இன்னொரு திருகு இருக்கும், சிங்க் என்று போட்டிருப்பார்கள். மின்சாரம் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. கெயினை மட்டும் முறுக்கிவிட்டு "நடுவில் இடம் இல்லை" என்றால் எப்படி இருக்கும்?

புரொப்போர்ஷனல் தெய்வம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சாலையில் பனி உறைந்திருக்கிறது, மிதிக்கிறீர்கள், முன் வண்டி வழுக்குகிறது. வேகம் குறையவில்லை. சென்சார் என்ன நினைக்கும்? "ஒன்றும் நடக்கவில்லை, சும்மா இருப்போம்" என்று நினைக்கும். பின்னால் 1,800 கிலோ தள்ளிக்கொண்டு வரும். என் டப்பா அங்கேயும் வைத்த அளவைக் கொடுக்கும்.

மலைப்பாதை:
> என் டப்பா அங்கேயும் வைத்த அளவைக் கொடுக்கும்

கொடுக்கும், அண்ணே. உலர்ந்த சாலைக்கு வைத்த அளவை அப்படியே பனியில் கொடுத்து டிரெய்லர் சக்கரத்தைப் பூட்டும். பூட்டிய சக்கரம் பக்கவாட்டில் எங்கே வேண்டுமானாலும் போகும். வழுக்குச் சாலையில் எந்த வகையாக இருந்தாலும் கெயினைக் குறைத்தே ஆக வேண்டும். உங்கள் எடுத்துக்காட்டுக்குப் பதிலாக, புரொப்போர்ஷனலில் பூஸ்ட் என்ற அமைப்பு உண்டு. சென்சார் கண்டுகொள்வதற்கு முன்பே, பிரேக் லைட் எரிந்தவுடன் டிரெய்லருக்குக் கொஞ்சம் முன்பிடி கொடுக்கும்.

இன்னொன்று யோசியுங்கள். இப்போது வரும் வண்டிகளில் அடாப்டிவ் குரூஸ் தானாகப் பிரேக் போடுகிறது, எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பிரேக் லைட் எரிகிறது. அப்போதெல்லாம் டைம் டிலே முழு அளவை ஏற்றிக்கொண்டே போகும்.

பழையவண்டி:
என் வண்டியில் அடாப்டிவ்வும் இல்லை, ஒன்றும் இல்லை. காலும் பெடலும்தான்.

ஆம்பியர்:
இரண்டு பேரும் டப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். கேம்பருக்கு அடியில் யாராவது குனிந்து பார்த்தீர்களா?

டிரம்முக்குள் நடப்பது இதுதான். மின்சாரம் வந்ததும் காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டப் பார்க்கும், டிரம் அதை இழுத்துக்கொண்டு போகும், காந்தம் மாட்டியிருக்கும் கை அசைந்து பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். டிரம் சுழன்றால்தான் இதெல்லாம் நடக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டால் கை பாதி தூரத்தை வீணாக நகர்ந்தே தீர்த்துவிடும். அப்போது எந்தக் கம்பெனி டப்பாவை மாட்டினாலும் தள்ளத்தான் செய்யும். பழைய கேம்பர் என்கிறீர்கள். கிரீஸை அளவுக்கு மேல் அடித்து, சீல் தாண்டி ஷூவில் வழிந்திருப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கிரீஸ் ஊறிய ஷூவைத் துடைத்து மாட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

செலவு செய்வதற்கு முன் அளந்து பாருங்கள். 10 அங்குல, 12 அங்குல டிரம் என்றால் ஒரு காந்தம் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. கன்ட்ரோலரிலிருந்து பின்னால் போகும் நீல வயரில் டிசி கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிப் பிடித்து மின்சாரத்தை அளப்பது) மாட்டி, கெயினை முழுதாக வைத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்க கன்ட்ரோலரில் இருக்கும் கை லீவரை முழுக்கத் தள்ளுங்கள். வருகிற எண்ணை இங்கே போடுங்கள்.

மலைப்பாதை:
அளப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் சரியாக இருந்தாலும் நெரிசலில் வெடுக்கென்று பிடிப்பது போகாது. மலை இறக்கத்திலும் பாருங்கள்: பெடலில் லேசாகக் கால் வைத்திருந்தால் போதும், டைம் டிலே முழு மின்சாரத்தையும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். டிரம் சூடேறி, கீழே வந்து சேரும்போது பிடிப்பு பாதியாகிவிடும்.

பழையவண்டி:
இறக்கத்தில் பெடலிலேயே கால் வைத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு எந்தக் கன்ட்ரோலரும் உதவாது. கியரைக் குறைத்து இறங்க வேண்டும், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். உங்கள் சென்சாருக்கும் அங்கே தகராறு உண்டு. வண்டி மூக்கு கீழே சாய்ந்தால் அது பிரேக் போட்ட மாதிரியே உணரும், தேவைக்கு மேல் பிடிக்கும். ஏற்றத்தில் நேர்மாறு.

மலைப்பாதை:
இறக்கத்தில் கொஞ்சம் அதிகமாகப் பிடிப்பது ஒரு குறையா? எனக்கு அது வரம்.

பழையவண்டி:
டிரம் சூடேறும் என்று இப்போதுதானே சொன்னீர்கள்? :)

சாய்ந்தகேம்பர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எது வாங்கினாலும், கையால் இயக்கும் லீவர் அல்லது பட்டன் பார்க்காமலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு முறை பெரிய லாரி கடந்து போன காற்றில் என் கேம்பர் வாலாட்ட ஆரம்பித்தது. வண்டி பிரேக்கை மிதித்திருந்தால் வண்டியும் கேம்பரும் கத்தி மடிவது போல மடங்கியிருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, லீவரை மட்டும் தள்ளினேன். டிரெய்லர் பின்னால் இழுத்துப் பிடித்து, ஆட்டம் மூன்று வீச்சில் அடங்கியது. டப்பாவை முழங்காலுக்குக் கீழே ஒளித்து மாட்டியிருந்தால் அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருந்திருப்பேன். போனில் ஆப் வைத்து இயக்கும் வகையை நான் வாங்காததற்கும் இதுதான் காரணம்.

(ஆடியதற்கு மூலகாரணம் பிரேக் அல்ல. பின்பக்கம் பாரம் ஏற்றியிருந்தேன். ஹிட்ச் (வண்டியோடு கேம்பரை இணைக்கும் இடம்) மேல் விழும் எடை கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், எனக்கு அதில் பாதிகூட இல்லை.)

புதுப்பயணி:
கிளாம்ப் மீட்டர் கடன் வாங்கி அளந்துவிட்டேன். 9 ஆம்பியர்தான் காட்டுகிறது. அதற்கு மேல் போகவே இல்லை.

ஆம்பியர்:
அப்படியென்றால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் இருக்கும் இரண்டு வயரைப் பிரித்து மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். 3, 4 ஓம் வந்தால் காந்தம் உயிரோடு இருக்கிறது. அப்போது கோளாறு வயரில். இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு ஆக்ஸில் குழாய்க்குள்ளேயே வயர் போகும் கேம்பர்கள் உண்டு. உள்ளே ஆடி ஆடிக் குழாயில் உரசி, தோல் போய், கடைசியில் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

அடியில் குனிந்திருக்கும்போதே பிரேக்அவே சுவிட்சையும் (கேம்பர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் பின் இழுபட்டுத் தானாகப் பிரேக் போடுவது) சோதியுங்கள். ஏழு முனை பிளக்கைக் கழற்றிய பிறகே அந்தப் பின்னை இழுக்க வேண்டும். அப்போதுதான் கேம்பரின் சொந்த பேட்டரி பிடிக்கிறதா என்பது தெரியும், கன்ட்ரோலருக்கும் தீங்கு வராது.

புதுப்பயணி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். ஆம்பியர் சார், நீங்கள் சொன்னதேதான். பின் ஆக்ஸிலின் வலது காந்தம் 3.8 ஓம், நல்ல நிலை. குழாய்க்குள் போன வயரை இழுத்தேன், பாதி கையோடு வந்துவிட்டது. முனையில் செம்பு பச்சை பூத்திருந்தது. புது வயரைக் குழாய்க்கு வெளியே ஓட்டிக் கட்டிவிட்டேன். நான்கு டிரம்மிலும் ஷூவை நெருக்கி வைத்தேன், இரண்டில் ஷூவை நெருக்கத் திருகும் நட்சத்திரச் சக்கரம் துரு ஏறி அசையவே இல்லை, எண்ணெய் விட்டு அரை நாள் போனது. இப்போது 11.8 ஆம்பியர். கெயின் 8இல் இருந்தது, இப்போது 5 போதும். நெடுஞ்சாலையில் தள்ளுவது அடியோடு நின்றுவிட்டது.

ஆனால் நெரிசலில் வெடுக்கென்று பிடிப்பது அப்படியே இருக்கிறது. சிங்க்கையும் திருகிப் பார்த்தேன். குறைத்தால் நெரிசலில் சுகம், நெடுஞ்சாலையில் தாமதம். என் பயணத்தில் இரண்டும் உண்டு, ஒவ்வொரு முறையும் குனிந்து திருகிக்கொண்டிருக்க முடியாது. புரொப்போர்ஷனலுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

பழையவண்டி:
தள்ளியதற்குக் காரணம் டப்பா இல்லை, அறுந்த வயர். அதைக் குறித்துக்கொள்ளுங்கள் மலைப்பாதை.

மலைப்பாதை:
குறித்துக்கொண்டேன். வெடுக்கென்று பிடித்ததற்குக் காரணம் டப்பா. அதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுப்பயணி, மாட்டும்போது டப்பா வண்டி போகும் திசைக்கு நேராக இருக்கட்டும். மேலும் கீழும் எவ்வளவு சாயலாம் என்று கையேட்டில் இருக்கும், பக்கவாட்டில் கோணலாக இருந்தால் சென்சார் தப்பாக அளக்கும்.

ஆம்பியர்:
கன்ட்ரோலருக்கு மின்சாரம் கொண்டுவரும் கறுப்பு வயரை அருகில் கிடைத்த ஃபியூஸில் சொருகிவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக, தடித்த வயரில், நடுவில் 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் வைத்து இழுங்கள். அப்புறம், புதியதிலும் 5 என்று வைத்துவிடாதீர்கள், இந்த டப்பாவின் 5 வேறு, அதன் 5 வேறு. உலர்ந்த சமதளத்தில், கேம்பரில் முழுப் பாரத்தோடு 40 கிமீ வேகத்தில் போய், லீவரை மட்டும் முழுக்கத் தள்ளுங்கள். சக்கரம் பூட்டும் வரை கெயினை ஏற்றி, பூட்டியதும் ஒரு படி இறக்குங்கள். டிரம்மைச் சூடேற்றிய பிறகு செய்யுங்கள், குளிர்ந்த டிரம்மில் வைத்த அளவு ஏமாற்றும்.

புதுப்பயணி:
சனிக்கிழமை வந்து சேருமாம். பழையவண்டி அண்ணே, இந்த டைம் டிலே டப்பா நன்றாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா?

பழையவண்டி:
அனுப்புங்கள். என்னுடையதில் சிங்க் திருகு தேய்ந்துவிட்டது.