உபுண்டு 24.04க்கு மாறியபின் ஜாங்கோவால் போஸ்ட்கிரெஸுடன் இணைய முடியவில்லை. உதவுங்கள்

நூலடுக்கு:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் நூல் இரவல் பதிவேட்டை ஜாங்கோ என்ற பைதான் இணையக் கட்டமைப்பில் எழுதி, பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்து, என் வீட்டுக் கணினியிலேயே நடத்தி வருகிறேன். நேற்றிரவு கணினியின் உபுண்டு இயங்குதளத்தை 22.04இலிருந்து 24.04க்கு மாற்றினேன். பைதான் 3.10 போய் 3.12 வந்துவிட்டதால் மெய்நிகர்ச் சூழலைப் புதிதாக அமைத்தேன். அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஜாங்கோவைத் தொடங்கும் ரன்சர்வர் கட்டளையைக் கொடுத்ததும் இந்தப் பிழை வருகிறது: லோக்கல்ஹோஸ்ட் 127.0.0.1, போர்ட் (சர்வர் இணைப்புக்குக் காத்திருக்கும் வாசல் எண்) 5432, "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு", அதாவது இணைப்பு மறுக்கப்பட்டது.

செட்டிங்ஸ் கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை மூலம் நிலையைக் கேட்டால் போஸ்ட்கிரெஸ் "ஆக்டிவ்" என்று பச்சையில் காட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஏன் இணைப்பை மறுக்கிறது? இரண்டு ஆண்டுப் பதிவுகள் அதற்குள் இருக்கின்றன. கடைசியாக நகல் எடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

கருவேலம்:
போஸ்ட்கிரெஸின் புதிய பதிப்பு 5433இல் ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் போர்ட் எண்ணை 5433 என்று மாற்றிப் பாருங்கள்.

நூலடுக்கு:
மாற்றினேன். நன்றி. இப்போது மறுப்பு வரவில்லை; கடவுச்சொல் தவறு என்று வருகிறது. அதே கடவுச்சொல்லைத்தான் இரண்டு ஆண்டாகப் பயன்படுத்துகிறேன்.

மேல்மாடி:
எனக்கும் ஒருமுறை இப்படித்தான் ஆனது. போஸ்ட்கிரெஸை முழுவதுமாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். மென்பொருளை அமைப்புக் கோப்புகளோடு நீக்கும் ஆப்ட் பர்ஜ் கட்டளையைக் கொடுத்தால் சுத்தமாகப் போய்விடும்.

இரவுப்பணி:
நூலடுக்கு, தயவுசெய்து பர்ஜ் கொடுத்துவிடாதீர்கள். அது தரவுக் கோப்புறையையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். பதற்றத்தில் ஆம் என்று அழுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்மாடி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நகல் இல்லாத இடத்தில் அந்தக் கட்டளையைச் சொல்லவே கூடாது.

உங்களுக்கு வந்த இரண்டு பிழைகளும் வேறுவேறு இடத்தில் பிறந்தவை. "ரெஃப்யூஸ்டு" என்றால் அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு ஆளே இல்லை. கடவுச்சொல் பிழை என்றால் ஆள் இருக்கிறார், ஆனால் உங்களைத் தெரியவில்லை. போஸ்ட்கிரெஸ் இங்கே வேண்டுமென்றே ஒன்றை மறைக்கிறது: அந்தப் பெயரில் பயனரே இல்லாவிட்டாலும் வெளியாருக்குக் கடவுச்சொல் தவறு என்றுதான் சொல்லும். உண்மைக் காரணம் சர்வரின் பதிவுக் கோப்பில் மட்டும் இருக்கும்.

பச்சை நிறத்தையும் நம்ப வேண்டாம். உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரிலுள்ள சேவை வெறும் கூரைதான். உற்றுப் பாருங்கள், "ஆக்டிவ்" என்பதை அடுத்து "எக்ஸிடெட்" (முடிந்துவிட்டது) என்று இருக்கும். உண்மையான சர்வர்கள் பதிப்புக்கு ஒன்றாக அதன் அடியில் தனித்தனியே ஓடுகின்றன.

முனையத்தில், இந்தச் சர்வர்களைப் பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையைக் கொடுத்து, வருவதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

நூலடுக்கு:
இரண்டு வரிகள் வந்தன. 14 மெயின், 5432, "டவுன், பைனரீஸ்_மிஸ்ஸிங்". 16 மெயின், 5433, "ஆன்லைன்". 16இன் பதிவுக் கோப்பிலும் என் பயனர் பெயர் இல்லை என்றே இருக்கிறது. என் பதிவுகள் போய்விட்டனவா?

இரவுப்பணி:
போகவில்லை. மூச்சு விடுங்கள்.

உபுண்டு 22.04 தந்தது போஸ்ட்கிரெஸின் 14ஆம் பதிப்பு, 24.04 தருவது 16. மாற்றத்தின் முடிவில் பழைய மென்பொருள்களை நீக்கலாமா என்று கேட்டிருக்கும், நீங்கள் சம்மதித்திருப்பீர்கள். அதில் 14இன் நிரல்கள் மட்டும் போயின. தரவு இன்னும் இருக்கும்: வார், லிப், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், 14, மெயின் என்று இறங்கிப் பாருங்கள். 16 உங்கள் பக்கத்தில் புதிதாகக் குடிவந்த காலி வீடு. பழைய கோப்புகளை அதனால் நேரடியாகத் திறக்க முடியாது. பெரும்பதிப்பு மாறினால் உள்ளமைப்பும் மாறிவிடும்.

முதல் வேலை, அந்த 14 கோப்புறையை முழுவதுமாக வெளி வட்டில் நகலெடுப்பது. சர்வர் நின்றிருப்பதால் இப்போது எடுக்கும் நகல் பழுதற்றதாக இருக்கும். பிறகு போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்த்து 14ஐ மட்டும் மறுபடி நிறுவுங்கள். பழைய தரவு 5432இலேயே எழுந்துவிடும். எழுந்ததும், எல்லாத் தரவையும் ஒரே கோப்பாக எழுதும் பிஜி_டம்ப்ஆல் கொண்டு இன்னொரு நகல். இரண்டும் கையில் வந்தபின் காலியான 16ஐ பிஜி_டிராப்கிளஸ்டர் மூலம் நீக்கி, பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின் கொடுங்கள்; அது புதிதாக ஒரு 16ஐ அமைத்து 14இன் தரவை அதற்குள் கொண்டுவரும். புதிய 16 உங்கள் பழைய 5432ஐயே எடுத்துக்கொள்ளும். பயனர்களும் கடவுச்சொற்களும் உடன் வந்துவிடும். நீக்கும் கட்டளையில் 16 என்ற எண்ணை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

கருவேலம்:
செட்டிங்ஸில் போர்ட்டை மறுபடி 5432 ஆக்க மறக்காதீர்கள். காரணம் தெரியாமல் மாற்றச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

நூலடுக்கு:
இரவு பதினொன்றுக்கு முடிந்தது. 14 எழுந்த நொடியில் ஜாங்கோவும் இணைந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிடலாமா என்று தோன்றியது, ஆனால் நீங்கள் சொன்னபடி 16 வரை கொண்டுவந்தேன். 1,412 நூல்களும் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை ஒரு சிறுமி எடுத்துப்போன கதைப் புத்தகம்தான் கடைசிப் பதிவு, அதுவும் இருக்கிறது. இரவுப்பணி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பட்டியலில் 14 இப்போது 5433இல் நிற்கிறது. அதை நீக்கலாமா?

இரவுப்பணி:
ஒரு வாரம் விட்டுவைங்கள். இரவல், திருப்பம், தேடல் எல்லாம் சரியாக ஓடினால் பிறகு நீக்கலாம். அதற்குள் தினசரி நகலுக்கு, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.